கணினியைக் கண்காணிக்கும் கருவிகள்: எதைப் பொருத்தலாம், மறைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் – முழுமையான வழிகாட்டி

கணினியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் பலரும் முதலில் தேடிப் போவது கீலாக்கரைத்தான். கீபோர்டில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்ய, கீபோர்டு கேபிளுக்கும் கணினிக்கும் நடுவே செருகும் சின்னத் துண்டு அது. மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம், ஆன்டிவைரஸ் கண்ணில் படாது, செருகினால் போதும் என்று சொல்லி விற்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்புக்கோ அலுவலகத் தரவின் பாதுகாப்புக்கோ கண்காணிப்பு தேவைப்படுகிறவருக்கு அதனால் உதவியைவிடக் கெடுதல்தான் அதிகம். தேவையில்லாததையெல்லாம் அள்ளி வைத்துக்கொள்ளும். தேவையானது பல நேரம் அதில் சிக்கவே சிக்காது.

அதனால் இந்த வழிகாட்டி இரண்டு பக்கத்திலிருந்தும் விஷயத்தைப் பார்க்கிறது. கண்காணிக்க நியாயமான காரணம் உள்ளவர்கள், சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்தே எந்தக் கருவியை எப்படிப் பொருத்துவது என்பது ஒரு பக்கம். உங்களுக்குத் தெரியாமல் யாராவது பொருத்தியிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இன்னொரு பக்கம். இன்னொரு வயது வந்தவரின் கணினியில், அது கணவனோ மனைவியோ அறைத் தோழரோ, ரகசியமாகக் கருவி பொருத்துவதற்கு இதில் வழி சொல்லப்படவில்லை. பல நாடுகளில் அது குற்றம். குற்றமாக்காத இடத்திலும் அது செய்யக்கூடாத காரியம்.

எந்தக் கருவி எதைப் பார்க்கும்

கீலாக்கரிலிருந்து தொடங்குவோம். யூஎஸ்பி கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால், 8 பைட் அளவுள்ள ஒரு சின்னத் தகவல் துண்டு கணினிக்குப் போகிறது. அதில் இருப்பது எழுத்து இல்லை, விசையின் எண். ஆங்கில ‘ஏ’ விசைக்கு எண் 4, ‘பி’ விசைக்கு 5, இப்படி. நடுவில் உட்கார்ந்திருக்கும் கீலாக்கர் அந்த எண்ணைப் படித்துத் தன் நினைவகத்தில் எழுதிக்கொண்டு, வந்ததை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடும். கணினியைப் பொறுத்தவரை வழக்கம்போல கீபோர்டுதான் பேசுகிறது. விண்டோஸா லினக்ஸா என்ற கேள்வியே எழாது. இயங்குதளம் எழுவதற்கு முன்பே தட்டுகிற வட்டுக் குறியாக்கக் கடவுச்சொல்கூடப் பதிவாகிவிடும்.

நினைவகத்துக்கும் பஞ்சமில்லை. ஒரு தட்டலுக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டால், 16 மெகாபைட் உள்ள மிகச் சாதாரணக் கருவியிலேயே ஒன்றரைக் கோடிக்கு மேல் தட்டல்கள் அடங்கும். ஒருவர் நாளுக்கு 20,000 தட்டல் தட்டினாலும் நிரம்ப இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். வைஃபை உள்ள வகைகளில், பதிவை எடுக்க யாரும் திரும்ப வந்து கருவியைக் கழற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.

இதன் குறைகளைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. மவுஸ் கிளிக் பதிவாகாது. நகலெடுத்து ஒட்டிய எழுத்து பதிவாகாது. பிரவுசர் தானாக நிரப்பிய கடவுச்சொல் பதிவாகாது. பார்த்த வீடியோ, எதிராளி அனுப்பிய செய்தி, திறந்த பக்கம் எதுவும் பதிவாகாது. தமிழில் எழுதுபவர்களின் பதிவு இன்னும் மோசம். தமிழ்99 கீபோர்டு அமைப்பில் ‘அம்மா’ என்று எழுதினால் கீலாக்கரில் விழுவது ‘ஏ, கே, கே, க்யூ’ என்ற நான்கு ஆங்கில விசைகள். அழித்தது, திருத்தியது, அம்புக்குறியால் பின்னால் போய்ச் செருகியது எல்லாம் அதே குவியலில் வரிசையாகக் கிடக்கும். ஒரு உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் கலைந்த நிலையில் படித்துவிட்டு ஒரு பிள்ளையைப் பற்றியோ ஊழியரைப் பற்றியோ முடிவுக்கு வருவது அநியாயம்.

ஆனால் கடவுச்சொற்கள் மட்டும் மிகத் தெளிவாகப் பதிவாகும். மின்னஞ்சல் முகவரி, ஒரு டேப் விசை, கடவுச்சொல், ஒரு என்டர் விசை. அந்தக் கணினியில் உட்கார்ந்த எல்லோருடையதும், விருந்தாளியாக வந்து ஐந்து நிமிடம் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போனவருடையதும் உட்பட. கருவி திருடு போனாலோ தொலைந்தாலோ அத்தனையும் அந்நியர் கைக்குப் போகும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இது வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

திரையைப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. மானிட்டர் கேபிளின் நடுவே பொருத்தினால் சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படமாகச் சேமிக்கும். கீலாக்கரைவிடத் தெளிவான சாட்சி, அந்தரங்கத்தில் அதைவிட ஆழமான நுழைவு.

மூன்றாவது இடம் நெட்வொர்க். ரவுட்டர், தளப் பெயர்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் டிஎன்எஸ் பெட்டி, கேபிளின் நடுவே நின்று போக்குவரத்தைப் பிரதி எடுக்கும் நெட்வொர்க் டேப், ஒரு போர்ட்டில் போவதை இன்னொரு போர்ட்டுக்குப் பிரதி எடுக்கும் போர்ட் மிரரிங் வசதியுள்ள ஸ்விட்ச் எல்லாம் இந்த வகை. எந்தச் சாதனம், எப்போது, எந்தத் தளத்துடன் பேசியது என்பது இங்கே தெரியும். தளத்துக்குள் என்ன எழுதினார்கள், என்ன படித்தார்கள் என்பது தெரியாது, ஏனென்றால் இன்று இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி எச்டிடிபிஎஸ் குறியாக்கத்துக்குள் போகிறது. இதைக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் இதுதான் இதன் சிறப்பு. பெரும்பாலான கவலைகளுக்குப் பதில் சொல்லும் அளவு விவரம் கிடைக்கிறது, யாருடைய கடவுச்சொல்லும் எங்கேயும் சேமிப்பில் விழுவதில்லை.

கடைசியாக சர்வர் அறைகளில் இருக்கும் ஐபி கேவிஎம் கருவிகள். தொலைவிலிருந்து ஒரு சர்வரின் திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் இயக்குவதற்கானவை. சிலவற்றில் அமர்வை வீடியோவாகப் பதிவு செய்யவும் முடியும். அலுவலகம் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்புவோம்.

முதலில் காரணம், அப்புறம் கருவி

கருவி வாங்குவதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? ‘மகன் என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டும்’ என்பது காரணம் ஆகாது, அது பயம். ‘இரவு 11 மணிக்கு மேல் கணினி இணையத்தில் இருக்கிறதா’, ‘சூதாட்டத் தளங்கள் திறக்கப்படுகின்றனவா’, ‘வாடிக்கையாளர் தரவுள்ள சர்வரில் யார் உள்ளே நுழைந்தார்கள்’ போன்றவை காரணங்கள். இப்படி எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் பதில் நெட்வொர்க்கிலேயே கிடைத்துவிடும், கீபோர்டுக்குப் போகவே தேவையிருக்காது.

அடுத்து, யாருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பதில்: கண்காணிக்கப்படும் எல்லோருக்கும். பிள்ளைகளானால் அவர்கள் வயதுக்குப் புரியும் விதத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ரகசியமாக வைத்த கருவி என்றைக்காவது ஒருநாள் கண்ணில் படும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை உண்மையான ஆபத்து வந்தால்கூட உங்களிடம் வரத் தயங்கும். இணையத்தில் யாரோ மிரட்டுகிறார்கள் என்ற விஷயம் வீட்டுக்கு எட்டுவது பெரும்பாலும் பிள்ளையே வாய் திறந்து சொல்வதால்தான். அந்த வாயை அடைத்துவிட்டால் எந்தக் கருவியும் ஈடு செய்யாது.

வீட்டில்: டிஎன்எஸ் பெட்டி அமைப்பது எப்படி

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் கணினி முதலில் செய்வது அந்தப் பெயருக்கான ஐபி முகவரியை ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது. அந்தச் சர்வர் உங்கள் வீட்டிலேயே ஒரு சின்னப் பெட்டியில் இருந்தால், எல்லாக் கேள்விகளும் அதன் வழியாகப் போகும். வேண்டாத தளங்களை அங்கேயே நிறுத்தலாம். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியும் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளும் இதற்குப் போதும்.

1. ராஸ்பெரி பையில் அதன் இயங்குதளத்தை ஏற்றி, கேபிள் வழியாக ரவுட்டருடன் இணையுங்கள். வைஃபையிலும் ஓடும், ஆனால் வீட்டின் மொத்த இணையமும் இதை நம்பியிருக்கப் போகிறது என்பதால் கேபிள்தான் நல்லது.

2. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அந்தப் பெட்டிக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் என்றைக்காவது மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறி, வீட்டில் யாருக்கும் இணையம் வராது. காரணம் புரியாமல் அரைநாள் போகும்.

3. பை-ஹோலை நிறுவுங்கள். நிறுவும்போதே கேள்விகளைப் பதிவு செய்யவா, எந்த அளவு விவரத்துடன் என்று கேட்கும். எல்லாவற்றையும் காட்டுவதிலிருந்து தளப் பெயரையும் சாதனப் பெயரையும் மறைப்பது வரை நான்கு நிலைகள் உண்டு. தடுப்பது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் பெயர் மறைக்கும் நிலையே போதும்.

4. ரவுட்டரில், சாதனங்களுக்கு முகவரிகளை ஒதுக்கும் டிஎச்சிபி பகுதியில் டிஎன்எஸ் முகவரியாக அந்தப் பெட்டியின் ஐபியைக் கொடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ் என்ற கட்டத்தில் வெளிச் சர்வர் எதையும் போடாதீர்கள். போட்டால் சாதனங்கள் பாதிக் கேள்வியை அங்கே கேட்டுவிடும், தடுப்பு சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது.

5. சாதனங்களின் இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணையுங்கள். பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும் சாதனம் பெட்டியின் பதிவில் தென்படாது.

6. தடுப்புப் பட்டியல்களைச் சேருங்கள். ஒரேயடியாகப் பத்துப் பட்டியலைக் கொட்டினால் பள்ளித் தளமும் அலுவலக விபிஎன்னும் சேர்ந்து நின்றுபோகும். ஒன்றைச் சேர்த்து, சில நாள் விட்டு, அடுத்ததைச் சேருங்கள்.

7. பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைக் குறையுங்கள். ஒரு வாரம் தாராளம். மாதக்கணக்கில் சேரும் பதிவு என்பது குடும்பத்தில் ஒவ்வொருவருடைய உடல்நலக் கவலை, மனக்கவலை, வேலை தேடல் எல்லாம் அடங்கிய கோப்பு. உங்கள் மனைவியோ தந்தையோ என்ன நோயைப் பற்றி நள்ளிரவில் தேடினார் என்பதை நீங்கள் இப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது.

இதற்கும் ஓட்டைகள் உண்டு. பிரவுசர்களில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அது இயங்கினால் கேள்வி குறியாக்கப்பட்டு உங்கள் பெட்டியைத் தாண்டி வெளியே போய்விடும். பிள்ளையின் பயனர் கணக்கில் நிர்வாகி உரிமை இல்லாமல் வைத்து, பிரவுசரில் அந்த அமைப்பை அணைத்து வையுங்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வீட்டு ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டு வைஃபைக்கும் அதே கதைதான். அதனால் இரவு நேரக் கட்டுப்பாடு மட்டும் வேண்டுமானால், ரவுட்டரிலேயே இருக்கும் நேர அட்டவணையும், சார்ஜரைப் பொதுக்கூடத்தில் வைக்கிற வழக்கமும் சேர்ந்தாலே வேலை முடிந்துவிடும்.

அலுவலகத்தில்

2017 செப்டம்பர் 5 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ‘பர்புலெஸ்கு எதிர் ருமேனியா’ வழக்கில் தந்த தீர்ப்பை, எந்த நாட்டில் நிறுவனம் நடத்துகிறவரும் ஒருமுறை படிப்பது நல்லது. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காகத் திறந்த யாகூ மெசஞ்சர் கணக்கில் ஒரு ஊழியர் தன் சகோதரருக்கும் மணம் பேசியிருந்த பெண்ணுக்கும் செய்தி அனுப்பினார். நிறுவனம் அதைப் பதிவு செய்து, அதையே காட்டி வேலையிலிருந்து நீக்கியது. தனிப்பட்ட பயன்பாடு கூடாது என்ற விதி இருந்தது உண்மை. ஆனால் செய்திகளின் உள்ளடக்கத்தையே படிப்போம் என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், இதைவிடக் குறைவாக ஊடுருவும் வழி இருந்ததா என்று பார்த்திருக்க வேண்டும் என்று 11-க்கு 6 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2022 மே 7 முதல், மின்னணுக் கண்காணிப்பு இருந்தால் வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் நாட்டில் என்ன விதி என்பதைக் கருவி வாங்கிய பிறகு விசாரிக்காதீர்கள். முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பக்கத்தில் அடங்கும் கொள்கை எழுதுங்கள். எது பதிவாகிறது, ஏன், யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழியும் என்ற நான்குக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். ‘எதையும் எப்போதும் கண்காணிக்கலாம்’ என்ற ஒற்றை வரி கொள்கை ஆகாது. எல்லோரிடமும் படிக்கக் கொடுத்து, கேள்வி கேட்க இடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் கருவியைப் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும்.

நெட்வொர்க்கைப் பார்க்க, மேனேஜ்டு ஸ்விட்சில் உள்ள போர்ட் மிரரிங் போதுமா, தனியாக டேப் வாங்க வேண்டுமா என்ற கேள்வி வரும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு ஜிகாபிட் போர்ட்டில் போவது ஒரு ஜிகாபிட், வருவது ஒரு ஜிகாபிட். இரண்டையும் சேர்த்து இன்னொரு ஒரு ஜிகாபிட் போர்ட்டுக்குப் பிரதி எடுத்தால், நெரிசல் நேரத்தில் பாதி வரை தகவல் பாக்கெட்டுகள் பிரதியாகாமல் சத்தமில்லாமல் விழுந்துவிடும். சாதாரணமாகப் போக்கைப் பார்க்க மிரரிங் போதும். ஒரு சம்பவத்தை விசாரிக்கவும் சாட்சியாகக் காட்டவும் தேவை என்றால், இரு திசைக்கும் தனி வெளியீடு உள்ள டேப்தான் சரி.

எச்டிடிபிஎஸ்ஸை உடைத்துப் பார்க்கும் ஃபயர்வால்களும் இருக்கின்றன. எல்லாக் கணினியிலும் நிறுவனத்தின் சொந்த ரூட் சான்றிதழை (அதை வைத்து வரும் எந்தத் தளத்தையும் கணினி நம்பும்) நிறுவி, போக்குவரத்தை நடுவில் பிரித்துப் படித்து மீண்டும் குறியாக்கம் செய்து அனுப்புவார்கள். இதைச் செய்யத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், வங்கி, மருத்துவத் தளங்களை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முழு அமர்வையும் பதிவு செய்வது நியாயம் என்று நான் ஏற்கும் ஒரே இடம் சர்வர் அறை. முக்கியத் தரவுள்ள இயந்திரத்தில் நிர்வாகி உரிமையோடு நுழைகிறவரின் அமர்வை ஐபி கேவிஎம் வழியாகப் பதிவு செய்யலாம். திரையில் ‘இந்த அமர்வு பதிவாகிறது’ என்ற வாசகம் நுழைவதற்கு முன்பே தெரிய வேண்டும். பதிவு இருக்கும் இடத்துக்கு அதே நிர்வாகிக்கு அனுமதி இருக்கக் கூடாது, இல்லையென்றால் தன் தடத்தைத் தானே அழிக்கலாம். நேர்மையான நிர்வாகிக்கு இது பாதுகாப்பும்கூட. தரவு கசிந்த நாளில் ‘நான் இல்லை’ என்று காட்ட அவரிடம் ஒரு பதிவு இருக்கிறது.

மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது

இப்போது மறுபக்கம். 2011-இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பொது நூலகக் கணினிகளின் பின்னால் யூஎஸ்பி கீலாக்கர்கள் செருகியிருந்தது தெரிய வந்தது. வந்து போனவர்கள் தட்டியதெல்லாம் அதில் பதிவாகியிருக்கக்கூடும். இப்படிப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டாம். கணினிப் பெட்டியின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் அவற்றுக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு.

முதலில் கையால் தேடுங்கள். கீபோர்டிலிருந்து கிளம்பும் கேபிளை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தபடி, கணினியில் அது நுழையும் இடம் வரை விடாமல் போங்கள். நடுவில் எங்கேயாவது கேபிளின் முனை இன்னொரு துண்டுக்குள் செருகி, அந்தத் துண்டு கணினிக்குள் செருகியிருந்தால் அங்கே நில்லுங்கள். 2 முதல் 5 சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் ஆண் முனை, மறுபக்கம் பெண் முனை, பெரும்பாலும் எந்தப் பெயரும் அச்சிடாமல். நீட்டிப்புக் கேபிள், யூஎஸ்பி ஹப், பழைய வட்ட முனைக்கான மாற்றி எதுவானாலும், யார் எப்போது செருகியது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். மானிட்டர் கேபிளுக்கும் நெட்வொர்க் கேபிளுக்கும் இதே வேலையைச் செய்யுங்கள். சந்தேகம் எதுவும் இல்லையென்றால், பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட அது போதும்.

அடுத்தது கணினியையே கேட்பது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ பட்டியலில் இணைப்பு வாரியாகக் காட்டும் முறைக்கு மாற்றுங்கள். கீபோர்டு எந்த ஹப்பின் கீழ், என்ன பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதி இதையே காட்டும். நல்ல கீலாக்கர் தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதால், இங்கே எதுவும் தெரியவில்லை என்றால் எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் சில கருவிகள் தடம் விடும். கீபோர்டின் ஒலி அளவு விசைகள் திடீரென்று வேலை செய்யாமல் போகும், அல்லது நேராகச் செருகும்போது தெரியும் தயாரிப்பாளர் எண் நடுத்துண்டு வழியாகச் செருகும்போது மாறும்.

இன்னொரு தடம் பலருக்குத் தெரியாது. பல கீலாக்கர்களில் பதிவைப் படிக்க, மூன்று குறிப்பிட்ட விசைகளைச் சேர்த்து அழுத்துவார்கள். உடனே அது பென் டிரைவாக மாறிக் காட்சி தரும். வைத்தவர் அதே கணினியில் பதிவை எடுத்திருந்தால், ஒரு சேமிப்புச் சாதனம் இணைந்த வரலாறு அங்கேயே இருக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களையும் காட்டச் சொல்லி, டிஸ்க் டிரைவ்ஸ் பகுதியைப் பாருங்கள். நீங்கள் ஒருபோதும் செருகாத பென் டிரைவ் மங்கலாக அங்கே இருந்தால் அது யாருடையது என்று கேட்க வேண்டிய நேரம்.

கீபோர்டுக்குள்ளேயே வைக்கும் வகைதான் கடினம். வெளியே ஒன்றுமே தெரியாது. 1984-இல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஐபிஎம் செலக்ட்ரிக் மின் தட்டச்சுப் பொறிகளில் சோவியத் ஒட்டுக்கேட்புக் கருவிகள் இருந்ததை எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பாகங்களின் அசைவை உணரும் கருவியை ஒரு உலோகப் பட்டைக்குள் பொதிந்து வைத்திருந்தார்கள். லெனின்கிராட் துணைத் தூதரகத்தையும் சேர்த்து இப்படி 16 பொறிகள். உங்களுக்கு எக்ஸ்ரே வேண்டாம். அடிப்பக்க ஸ்க்ரூ தலைகளில் புதுக்கீறல் இருக்கிறதா, ஒட்டுச்சீட்டு உரித்து மீண்டும் ஒட்டியதுபோல இருக்கிறதா என்று பாருங்கள். திறக்கத் துணிந்தால், கேபிளின் நான்கு கம்பிகள், வழக்கமாகச் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு, நேராகக் கீபோர்டின் சொந்தப் பலகைக்குப் போக வேண்டும். நடுவில் இன்னொரு குட்டிப் பலகை, கையால் வைத்த ஈயப்பற்று, சுற்றிய ஒட்டுநாடா இருந்தால் அது தொழிற்சாலை வேலை இல்லை. சந்தேகம் தீரவில்லையா? வெளிக் கீபோர்டானால் புதிதாக ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். நாள் முழுதும் ஆராய்வதைவிட அது மேல்.

மடிக்கணினியின் கீபோர்டு உள்ளே தட்டைக் கேபிளில் இணைந்திருப்பதால், செருகும் வகைக் கருவிக்கு அங்கே வழியில்லை. உடலைத் திறந்தால்தான் முடியும். அடிப்பக்க ஸ்க்ரூக்களின் மேல் மினுக்குத் துகள் கலந்த நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் நெருக்கமாகப் படம் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் எளிய வழி. துகள்கள் விழுந்த விதத்தை யாராலும் திரும்ப உருவாக்க முடியாது.

வைஃபை உள்ள கருவி தன் சொந்த வைஃபை பெயரைப் பரப்பலாம், அல்லது உங்கள் ரவுட்டரிலேயே சேர்ந்துகொள்ளலாம். ரவுட்டரில் இணைந்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் பெயர் சொல்லிப் பாருங்கள். பெயர் சொல்ல முடியாததைத் துண்டித்துவிட்டு, வீட்டில் எது வேலை செய்யாமல் நிற்கிறது என்று கவனியுங்கள்.

கம்பியில்லாக் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2015 ஜனவரியில் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ‘கீஸ்வீப்பர்’ என்ற கருவியைக் காட்டினார். பார்க்கச் சாதாரண யூஎஸ்பி சார்ஜர், சுவரில் செருகியிருக்கும், பக்கத்திலுள்ள சில மைக்ரோசாஃப்ட் கம்பியில்லாக் கீபோர்டுகளின் தட்டல்களைக் காற்றிலேயே பிடித்துவிடும். அடுத்த ஆண்டு பாஸ்டில் நிறுவனம், எட்டுத் தயாரிப்பாளர்களின் மலிவுக் கீபோர்டுகள் குறியாக்கமே இல்லாமல் ஒலிபரப்புவதைக் கண்டறிந்தது. இவற்றில் செருகிய கருவி எதுவும் உங்கள் கணினியில் இருக்காது, தேடியும் பயனில்லை. பழைய மலிவுக் கம்பியில்லாக் கீபோர்டில் கடவுச்சொல் தட்டுவதை நிறுத்திவிட்டு, கம்பி உள்ளதற்கோ குறியாக்கம் உண்டு என்று தெளிவாகச் சொல்லும் புதிய வகைக்கோ மாறுவதுதான் வழி.

கிடைத்துவிட்டால்

உடனே பிடுங்காதீர்கள். முதலில் இருக்கும் இடத்திலேயே பல கோணத்தில் படம் எடுங்கள், தேதியும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் இன்னொரு கணினியில் செருகவே கூடாது. சாட்சியும் கெடும், அந்தக் கணினிக்கும் ஆபத்து.

அலுவலகக் கணினியானால் உங்கள் மேலாளரிடம் போவதைவிட, தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் தெரிவிப்பது நல்லது. வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியாது, நிறுவனத்துக்கு உள்ளேயே ஒருவராகவும் இருக்கலாம்.

வீட்டில், உங்களைக் கட்டுப்படுத்துகிற அல்லது மிரட்டுகிற ஒருவர் வைத்தது என்று தோன்றினால், கருவியைவிட உங்கள் பாதுகாப்பு முக்கியம். அதைக் கழற்றிய கணமே அவருக்குத் தெரிந்துவிடும், கோபம் உங்கள் மேல் திரும்பலாம். அதை அப்படியே விட்டுவிட்டு, அவர் கைபடாத வேறொரு போனிலிருந்து நம்பகமான ஒருவரிடமோ, குடும்ப வன்முறைக்கு உதவும் அமைப்பிடமோ, காவல்துறையிடமோ பேசுங்கள். எப்போது கழற்றுவது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதுவரை அந்தக் கணினியில் வழக்கமான வேலைகளை மட்டும் செய்யுங்கள். உதவி தேடுவது, பயணம் பதிவு செய்வது எதுவும் அதில் வேண்டாம்.

கழற்றும் நேரம் வந்ததும் ஒரு உறையில் போட்டு மூடி, மேலே தேதியும் கிடைத்த இடமும் எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது படங்களோடு இதையும் ஒப்படைக்கலாம்.

அதன் பிறகு கடவுச்சொற்கள். வேறு கணினியில் உட்கார்ந்து முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் மீட்பு இணைப்பும் அங்கேதான் வரும். அடுத்து வங்கி, அடுத்து மற்றவை. ஒவ்வொரு கணக்கிலும் ‘இணைந்துள்ள சாதனங்கள்’ பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றியதும் எல்லாச் சேவைகளும் பழைய அமர்வுகளைத் தானாக மூடிவிடும் என்று நம்ப முடியாது. மீட்பு மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதுதானா, மின்னஞ்சலில் வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி எதுவும் புதிதாக முளைத்திருக்கிறதா என்பதையும் அதே உட்காரலில் பார்த்துவிடுங்கள்.

இனி யார் செருகினாலும் பயன்படாதபடி

கடவுச்சொல் மேலாளர் ஒன்றை வைத்து, அது தானாக நிரப்பும்படி செய்தால் கீலாக்கருக்கு அந்தக் கடவுச்சொல் தெரியவே தெரியாது. மேலாளரைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் தட்ட வேண்டியிருக்கும். அதையும் கைரேகையால் திறக்க வழி இருந்தால் அப்படியே வையுங்கள். திரைக் கீபோர்டில் மவுஸால் தட்டுவதும் கேபிள் வகைக் கருவியை ஏமாற்றும், திரையைப் பிடிக்கும் கருவியை ஏமாற்றாது.

இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு கட்டாயம். செயலி தரும் ஆறு இலக்க எண் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை மாறுவதால், கீலாக்கரில் பதிவான எண்ணை மறுநாள் படிப்பவருக்கு அது வெறும் எண். பொது நூலகம், விடுதி, கல்லூரி ஆய்வகம் போன்ற இடங்களில் இதுவும் போதாது என்றே சொல்வேன். அங்கே கடவுச்சொல் தட்ட வேண்டிய வேலையையே உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான கணக்குகளுக்கு, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்திலேயே இருக்கும் பாஸ்கீயோ, பென் டிரைவ் போலச் செருகும் பாதுகாப்புச் சாவியோ இருந்தால் இன்னும் நல்லது. சாவிக்குள் இருக்கும் ரகசியம் வெளியே வருவதே இல்லை. தளம் அனுப்பும் சவாலுக்கு அது உள்ளேயே கையொப்பமிட்டுப் பதிலை மட்டும் அனுப்பும். சாவியைத் திறக்கும் ரகசியப் பின் எண்ணை நீங்கள் கீபோர்டில் தட்டுவது பதிவாகலாம். ஆனால் அந்த எண் உங்கள் சாவிக்கு மட்டும்தான் செல்லுபடியாகும், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்.